ரெக்ஸின் வாய் கட்டியிருந்த மூன்று மணித்தியாலம்

சண்டை தீராத என் அன்பு மச்சாளுக்கு,

முதலில் நல்ல செய்திகள். என் மூத்தவளின் மகன் கிளிபர்ட் ஓ.எல். பரீட்சையில் எட்டுப் பாடத்திலும் டி, விசேட சித்தி, எடுத்திருக்கிறான். கணக்கிலும் டி. "இந்தப் பிள்ளைக்குக் கணக்கு மண்டையில ஏறாது, பிலோ. கடையில நிண்டாலும் மிச்சக்காசு பிழையாத்தான் குடுப்பான்" என்று என் வாசலிலேயே நின்று சொன்னது யார்? நான் மறக்கவில்லை. அவனும் மறக்கவில்லை. றிசல்ட் வந்த அன்று முதலில் உங்கள் கல்லறைக்குத்தான் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

அவன் தங்கச்சி ஷாமினி பேச்சுப் போட்டியில் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருக்கிறாள். கொன்னை வாய் என்று நீங்கள் சொன்ன அதே ஷாமினிதான். அவளுக்குக் கொடுத்த கப்பை உங்கள் அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

உங்கள் பேத்தி, ஜெரோமின் மகள், பத்தாம் மாதமே நடந்துவிட்டாளாம். நீங்கள் இருந்திருந்தால் "எங்கட பக்கத்து மூளை" என்று சொல்லியிருப்பீர்கள். நடக்கிறதுக்குக் கால் போதாதா மச்சாள்? மூளை எதற்கு?

ஜெரோம் போன கிழமை கனடாவிலிருந்து டெலிபோன் எடுத்தான். உங்கள் முதலாம் ஆண்டுப் பூசைக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறானாம். "மாமி, நீங்களும் ரெண்டு பக்கம் எழுதுங்கோ" என்றான். "எனக்கு என்னத்தைத் தம்பி எழுத வரும், நான் ஐஞ்சாம் வகுப்பு" என்றேன். அவன் விடவில்லை. "ஆமியும் பொலிசும் வந்த அந்தச் சுற்றிவளைப்பு நாளை எழுதுங்கோ. அம்மாவை விட்டுட்டுப் போகாமல் நீங்கள் நிண்டதை எழுதுங்கோ. அம்மா ஒவ்வொரு கடிதத்திலயும் அதைத்தான் எழுதுவா."

அந்த நாளைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அவன் கேட்கிற மாதிரி எழுத என்னால் முடியாது. இதை வாசிக்கிறவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

மலருக்கு வந்த மற்றக் கட்டுரைகளையும் ஷாமினி எனக்கு வாசித்துக் காட்டினாள். உங்களிடம் படித்த பிள்ளைகள் எல்லாரும் உங்களைப் பொறுமையின் இருப்பிடம் என்று எழுதியிருக்கிறார்கள். பொறுமையா? நீங்களா? என் அடுப்பில் இருக்கிற சட்டியின் மூடியைத் திறந்து பார்க்காமல், பார்த்த பிறகு மூக்கைச் சுளிக்காமல், உங்களால் ஒரு நாள் இருக்க முடிந்ததா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் மாமா கட்டிய வீடு அது. முன்பக்கம் மகளுக்கு, பின்பக்கம் மகனுக்கு என்று எழுதிவைத்தார். முன்பக்கத்தில் நீங்கள், இங்கிலீசில் படிப்பித்த ஹெட் மிஸ்ட்ரஸ். பின்பக்கத்தில் உங்கள் தம்பி கட்டிவந்த நான், கொட்டாஞ்சேனையில் மாட்டுவண்டி ஓட்டிய மனிதரின் மகள். உங்கள் தம்பி போய்ச் சேர்ந்தார், என் பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போனார்கள், ஜெரோமும் கனடாவுக்குப் போனான். கடைசியில் அந்த வீட்டில் இரண்டு பொம்பிளைகளும் ஒரு நாயும் மிஞ்சினோம்.

"வண்டிக்காரன்ர மகளுக்குச் சத்தமாத்தான் கதைக்க வரும்." இது நீங்கள். "ரீச்சர்மாருக்கு வீட்டிலயும் பிரம்பு வேணும்." இது நான். முற்றத்துக் குழாயடியில் தினமும் நடந்த பூசை இதுதான்.

ரெக்ஸ் ஜெரோம் வாங்கி வளர்த்த நாய். சடை மயிர், கட்டைக் கால், பெரிய துரை மாதிரி நடை. விமானம் ஏறப் போகும்போது அம்மாவைக் கட்டிப்பிடித்ததைவிட அதைத்தான் அவன் கூட நேரம் கட்டிப்பிடித்தான். "அம்மா, இவனை எனக்காகப் பாருங்கோ" என்றான். அன்றிலிருந்து நீங்கள் ரெக்ஸோடு இங்கிலீசில் மட்டும்தான் கதைத்தீர்கள். நான் தமிழில் கூப்பிட்டால் அது வாலை ஆட்டிக்கொண்டு வரும், உங்களுக்குப் பொறுக்காது.

ஒரு தரம் வீடு சோதிக்க வந்த ஆமிக்காரப் பையன் ஒருவனின் சப்பாத்தைப் பார்த்து அது குரைத்துப் பாய்ந்தது. அவன் துவக்கைத் தூக்கிவிட்டான். அடுத்த முறை குரைத்தால் சுடுவேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனான். சும்மா வெருட்டினானோ, உண்மையாய்ச் சொன்னானோ, யார் கண்டது?

எங்கள் ஒழுங்கையில் நாய் வளர்த்த தமிழ் வீடுகளில் எல்லாம் அந்த யுத்த காலத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. தெருமுனையில் சுற்றிவளைக்க வந்தவர்களின் விசில் கேட்டால் முதலில் அடையாள அட்டை, பிறகு வீட்டில் இருக்கிறவர்களின் பெயர் எழுதிய பொலிஸ் பதிவுத் துண்டு, பிறகு நாயின் வாய்க்கு ஒரு துணி. குழந்தைக்குத் தொப்பி போடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணம். நீங்கள் உங்கள் பழைய வொயில் சாறியைக் கிழித்து இதற்கென்றே இரண்டு நாடா வைத்திருந்தீர்கள். வாயைக் கட்டி, முற்றத்துக் குளியலறைக்குள் விட்டு, கதவைச் சாத்துவீர்கள். பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணித்தியாலம். அவர்கள் போனதும் அவிழ்த்துவிடுவோம்.

நாய்க்கு உடம்பில் வேர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் அது சூட்டை வெளியே விடும் என்று படித்த உங்களுக்கும் தோன்றவில்லை, படிக்காத எனக்கும் தோன்றவில்லை. சுடுவார்கள் என்ற பயம் ஒன்றுதான் இரண்டு பேருக்கும் இருந்தது.

வழக்கமாய் விடியவே வருகிறவர்கள் அந்த நாள் பத்து மணிக்கு வந்தார்கள். நல்ல பங்குனி வெயில். வீட்டுக்குள் வந்து பார்க்கவில்லை. எல்லாரையும் ஒழுங்கை முனைக்கு வரச்சொல்லி அங்கே இருந்த லொட்ஜ் ஒன்றின் மதிலோரம் வரிசையாக நிற்பாட்டினார்கள். நீங்கள் ரெக்ஸின் வாயைக் கட்டினீர்கள், நான் குளியலறைக் கதவைச் சாத்தினேன். அந்தக் குளியலறைக்குத் தகரக் கூரை, யன்னல் இல்லை.

என் துண்டில் பிழை இல்லை. உங்கள் பதிவுப் படிவத்தில் இரண்டு பெயர் இருந்தது. உங்களுடையது, ஜெரோமுடையது. அவன் போய் ஒரு வருசம் ஆகியும் நீங்கள் அந்தப் பெயரை வெட்டவில்லை. வெட்டச் சொல்லி நான் எத்தனை தரம் கத்தினேன்?

"கோ மே ஜெரோம்?" என்று கேட்டார் அந்த இன்ஸ்பெக்டர். எங்கே இந்த ஜெரோம்?

நீங்கள் இங்கிலீசில் பதில் சொன்னீர்கள். எனக்கு விளங்கிய சொல் கனடா ஒன்றுதான். பிறகு அவர் ஏதோ கேட்க, நீங்கள் தலையை நிமிர்த்தி இன்னும் ஏதோ சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற பெண் எனக்குக் காதுக்குள் சொன்னாள். "அவன் இல்லையெண்டால் பேர் ஏன் இருக்கு எண்டு கேக்கிறார். அது அவன்ர வீடு, அதால அவன்ர பேர் இருக்கு எண்டு ரீச்சர் சொல்றா."

ஒரு சொல் போதும் மச்சாள். "சொறி சேர், மறந்துபோனன்." அதைச் சொல்லியிருந்தால் பதினொரு மணிக்கு வீட்டில் இருந்திருப்போம். நீங்கள் சொல்லவில்லை. அவருக்கும் கோபம் வந்தது. உங்களை வரிசையிலிருந்து பிரித்து வெயிலுக்குள் நிற்பாட்டினார். நான் உங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் இரண்டு பேரும் அங்கேதான்.

விட்டதும் ஓடிவந்தோம். ஓடினது நான், நீங்கள் பின்னால் சாறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். குளியலறைக் கதவைத் திறந்தால் சட்டியிலிருந்து ஆவி அடிக்கிற மாதிரி ஒரு வெக்கை. ரெக்ஸ் பக்கவாட்டில் கிடந்தது. துணியின் இடுக்கால் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. கால்கள் படுத்தபடியே ஓடின. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

நான் துணியை அவிழ்த்தேன். அது எழும்பப் பார்த்து, கள்ளுக் குடித்தவன் மாதிரி ஆடிச் சுவரில் மோதி விழுந்தது. அப்போது நீங்கள் கத்தின கத்து ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"தொடாத பிலோ! விசர் பிடிச்சிட்டுது, கடிச்சால் சாவுதான்! நுரை தள்ளுது, தள்ளாடுது, கண்ணைப் பார்! கதவைச் சாத்து! முனிசிப்பலுக்கு அறிவிக்க வேணும்!"

"விசரும் இல்லை, மண்ணும் இல்லை. தள்ளி நில்லுங்கோ."

"நீ என்ன டொக்டரா?"

"நான் வண்டிக்காரன்ர மகள்."

என் ஐயா துறைமுகத்துப் பண்டகசாலையிலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்கு அரிசி மூட்டை இழுத்தவர். பங்குனி, சித்திரையில் நடு றோட்டில் மாடு விழும். கடைவாயில் கயிறு மாதிரி எச்சில் வழியும், நாக்குத் தடித்துத் தொங்கும், கால் பின்னும். அதைப் பார்த்தால் ஐயா வண்டியையும் பார்க்கமாட்டார், மூட்டையையும் பார்க்கமாட்டார். நுகத்தை அவிழ்த்து நிழலுக்கு இழுப்பார். நான் சின்னப்பிள்ளையாய் வாளி தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறேன்.

ரெக்ஸின் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தேன். பல் முரசு வெற்றிலை போட்டவளின் வாய் மாதிரிச் சிவந்திருந்தது. விசர் நாய் என்றால் இரண்டு மூன்று நாளாவது குணம் மாறித் திரியும். இது காலையில் என் கையால் பாண் வாங்கித் தின்ற நாய். மூன்று மணித்தியாலத்தில் ஒன்று இப்படி ஆனால், அந்த மூன்று மணித்தியாலம் எங்கே இருந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். வயிற்றில் கை வைத்தேன். கொதித்தது.

மாமர நிழலுக்கு இழுத்துவந்து குழாயைத் திறந்தேன். நீங்கள் அதற்குள் பிரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டோடு வந்தீர்கள், ஐஸை அதன் வாய்க்குள் திணிக்க. நான் உங்கள் கையைத் தட்டிவிட்டேன். ஐஸ் முற்றம் முழுக்கச் சிதறியது. முப்பது வருசத்தில் நான் உங்கள் மேல் கை வைத்தது அந்த ஒரு தரம்தான்.

"விழுங்க ஏலாததுக்கு வாய்க்குள்ள எதைத் திணிச்சாலும் நெஞ்சுக்குள்ள போகும். அதுவே நக்கினால் நக்கட்டும். குழாய்த் தண்ணி போதும். நீங்கள் விசிறுங்கோ."

"எதால விசிற?"

"உங்கட ரெஜிஸ்டரால விசிறுங்கோ!"

பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டர் ஒன்று நீங்கள் ஓய்வுபெறும்போது ஞாபகத்துக்கென்று கொண்டுவந்திருந்தீர்கள். எவரையும் தொட விடமாட்டீர்கள். அதை எடுத்துவந்து விசிறினீர்கள். நான் வயிறு, தொடை இடுக்கு, கக்கம், பாதம் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். நனைத்த சாக்கால் மூடவில்லை. மூடினால் சூடு உள்ளேயே நிற்கும் என்று ஐயா ஏசுவார். ஊற்றினதும் காற்றுப் படவேண்டும், காய்ந்ததும் திரும்ப ஊற்றவேண்டும்.

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஒருத்தி கேட்டாள். "சனம் சாகிற காலத்தில ஒரு நாய்க்கு இந்தப் பாடா?" அவள் பெயரை எழுதமாட்டேன், அவளும் இந்த மலரை வாசிப்பாள். சனம் சாகிற காலம் என்றால் நாயையும் சாகவிடவேண்டும் என்று எங்கே சொல்லியிருக்கிறது? அன்று பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. இன்று நேரம் இருக்கிறது, கேட்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் கால் ஓடுவது நின்றது. மூச்சுக் கொஞ்சம் ஆறியது. அப்பாடா என்று நீங்கள் இருந்துவிட்டீர்கள். ஐயாவின் மாடுகளில் ஒன்று இப்படித்தான் எழும்பி நின்று புல்லுத் தின்று, இரவில் இரத்தமாய்க் கழிந்து செத்தது. "தேறினமாதிரிக் கிடந்தாலும் டொக்டரிட்டக் கொண்டுபோக வேணும்" என்றேன். நீங்கள் ஒரு சொல் எதிர்க்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

ஒழுங்கை முனையில் நின்ற சுனிலின் த்ரீவீலரில் ஏறினோம். நனைந்த நாய் என் மடியில். தெஹிவளைப் பாலத்தடியில் மறித்தார்கள். பொலிஸ்காரப் பையன் தலையை உள்ளே விட்டு, "கொஹெத யன்னே?" என்று கேட்டான். எங்கே போகிறீர்கள் என்று. "பல்லா லெடய்" என்றான் சுனில். நாய்க்கு வருத்தம் என்று. பையன் ரெக்ஸைப் பார்த்து "அனே பவ்" என்றான், ஐயோ பாவம் என்று. கையை ஆட்டிவிட்டான். எங்கள் அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை. உங்களுக்கு மூன்று மணித்தியாலம். நாய்க்கு ஒரு நிமிடமும் இல்லை.

மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண். உங்களோடு இங்கிலீசில் கதைத்தா. ரெக்ஸுக்குச் சூடு பார்த்து, முன்னங்காலில் சேலைன் ஏற்றினா. பிறகு நாயின் மூக்கைச் சுற்றி நாடா அழுத்தின அடையாளத்தைக் காட்டிக் கோபமாய் ஏதோ கேட்டா. நீங்கள் பதில் சொன்னீர்கள். அவ உங்களை ஏசினா. ஹெட் மிஸ்ட்ரஸ் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு ஏச்சு வாங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"என்ன கேட்டவ?"

"ஆர் வாயைக் கட்டினது, ஆர் இவ்வளவு நேரம் விட்டது எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நான்தான் கட்டினனான், நான்தான் விட்டனான் எண்டு சொன்னன். வேற என்ன சொல்ல?" பிறகு ரெக்ஸின் காதைத் தடவிக்கொண்டே, "நீ தண்ணி ஊத்தினது சரியாம். இல்லாட்டி வழியிலேயே போயிருக்குமாம்."

மூன்று நாள் ரெக்ஸ் அங்கே இருந்தது. மூன்று நாளும் நீங்கள் சாப்பிடவில்லை, ஜெரோமுக்குக் கடிதமும் எழுதவில்லை. "பிலோ, அது செத்தால் அவனுக்கு நான் என்னெண்டு எழுதுவன்?" என்று குழாயடியில் நின்று கேட்டீர்கள். நாலாம் நாள் அது சுனிலின் த்ரீவீலரிலிருந்து தானே குதித்து இறங்கியது. இன்றைக்கும் இருக்கிறது. பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும், வெயிலைக் கண்டால் உள்ளே ஓடிவிடும்.

அடுத்த சுற்றிவளைப்புக்கு நீங்கள் நாடாவைத் தேடவில்லை. ரெக்ஸைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தீர்கள். அது குரைத்தது. ஒரு ஆமிக்காரன் குனிந்து தலையைத் தடவி, "லஸ்ஸன பல்லெக்" என்றான். அழகான நாய் என்று. இதற்காகவா மச்சாள் நாங்கள் அதைச் சாகக் கொடுக்கப் பார்த்தோம்?

இவ்வளவும் ஜெரோமுக்கும் தெரியும். இனித்தான் தெரியாதது.

ரெக்ஸ் பிழைத்த பிறகும் நான் உங்களை விடவில்லை. கறியில் உப்புக் கூட என்று நீங்கள் சொன்னால், "நாயின்ர வாயைக் கட்டின கைக்கு என்ர கறியில என்ன கதை?" என்பேன். மாமரத்து இலையைக் கூட்டவில்லை என்றால் அதற்கும் அதுதான் பதில். வருசக்கணக்காய் அதையே சொன்னேன். நீங்கள் ஒரு நாளும் திருப்பிச் சொல்லவில்லை. வேறு எதற்கும் வாயை மூடாத நீங்கள் அதற்கு மட்டும் மூடினீர்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

அதே வாயால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இன்னொன்றும் சொன்னீர்கள். "இன்ஸ்பெக்டர் இவளைப் போகச் சொல்லிட்டார். 'அம்மா கெதர யன்ன' எண்டு என்ர காதால கேட்டனான். ஆனால் பிலோ அசையேல்லை. அந்த வெயிலுக்குள்ள எனக்குப் பக்கத்தில நிண்டாள். கூடப்பிறந்தவளும் அப்பிடி நிக்கமாட்டாள்." பங்குச் சுவாமிக்குச் சொன்னீர்கள், மீன்காரனுக்குச் சொன்னீர்கள், கனடாவுக்கு எழுதினீர்கள்.

இன்ஸ்பெக்டர் சொன்னது உண்மை. அம்மா, வீட்டுக்குப் போ என்று. அப்போது பதினொரு மணியும் ஆகவில்லை. நான் போகாமல் நின்றதும் உண்மை.

ஏன் நின்றேன் தெரியுமா? உங்களுக்கு ஒருவர் ஏசுவதைப் பார்க்க. முப்பது வருசம் என்னை வகுப்பில் முழங்காலில் நிற்பாட்டின மாதிரி வைத்திருந்த ரீச்சரை இன்னொருவர் வெயிலில் நிற்பாட்டியிருக்கிறார். அவர் கேள்வி கேட்கக் கேட்க உங்கள் முகம் கறுத்தது. மூக்குக் கண்ணாடி வேர்வையில் வழுக்கியது. ஊர்ச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனம் வரவில்லை. அவர் ஆர், உங்களை ஏன் நிற்பாட்டினார், எங்களை ஏன் நிற்பாட்டினார் என்றெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. நல்லாய் வேணும் என்றுதான் தோன்றியது.

ரெக்ஸ் குளியலறைக்குள் கிடக்கிறது என்று ஒரு தரம் நினைத்தேன். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நினைத்தேன், இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவோம் என்றும் நினைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் நினைக்கவேயில்லை.

நீங்கள் கட்டினீர்கள். எல்லாரும்தான் கட்டினார்கள், பயத்தில் கட்டினார்கள். போய் அவிழ்க்கக்கூடியவளாய் அந்தத் தெருவில் நின்றது நான் ஒருத்திதான். டொக்டரிடம் நீங்கள் தலை குனிந்து வாங்கின ஏச்சில் பாதிக்குமேல் என்னுடையது. அதை வாங்கித்தந்துவிட்டு, அதையே எடுத்து வருசக்கணக்காய் உங்களுக்கு எறிந்தேன்.

சொல்லப் பார்க்காமல் இல்லை. கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில் கஞ்சி கொண்டுவந்து கட்டிலோரம் இருந்தேன். "மச்சாள், அண்டைக்கு நான் நிண்டது" என்று தொடங்கினேன். நீங்கள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "உப்பில்லை" என்றீர்கள். டொக்டர்தான் உப்பு வேண்டாம் என்றவர் என்று நான் கத்த, கஞ்சி வைக்கத் தெரியவில்லை என்று நீங்கள் கத்த, நேர்ஸ் வந்து இரண்டு பேரையும் ஏசினா. அதோடு நேரம் முடிந்தது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு கஞ்சியை வாயை மூடிக்கொண்டு குடித்திருக்கக்கூடாதா?

ஜெரோம், மகன், இதைத் திருத்தாமல் அப்படியே அச்சடி. அம்மாவை விட்டுப் போகாமல் நின்ற மாமி என்று எங்கேயாவது எழுதியிருந்தால் அதை வெட்டிவிடு. அம்மாவின் படிவத்தில் உன் பெயரை வெட்டாமல் விட்டது அவவின் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தோடு எனக்கு இப்போது கோபம் இல்லை.

மச்சாள், நாளைக்கு இந்தக் கடிதத்தை ஷாமினி கனடாவுக்குத் தபாலில் போடுவாள். இதைக் கேட்ட பிறகு உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருசம் பார்த்த முகம், இதற்கு என்ன செய்யும் என்று தெரியவில்லை. மலரின் அட்டைக்கு ஜெரோம் தெரிந்தெடுத்திருக்கிற உங்கள் படத்தில் நீங்கள் ஒன்றும் அறியாமல் சிரிக்கிறீர்கள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. நீங்கள் இருக்கிற இடத்தில் அதற்கு வசதி இருந்தால், இதை வாசித்து முடித்த கையோடு புதிதாய் ஒரு படம் எடுத்து எனக்குத் தபாலில் போடுங்கள். முறைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. அதற்குச் சட்டம் போட்டு என் பக்கத்துச் சுவரில், நான் தினமும் எழும்பிப் பார்க்கிற இடத்தில் மாட்டுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்சாதி
பிலோமினா